கைதட்டியவர்களைப் பற்றி, நிசாமுக்கு

வூப்பெற்றால், ஜேர்மனி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சான் நிசாம்,

உன் கடிதமும் அதோடு வந்த பேரனின் படமும் கிடைத்தன. பெடியன் உன் வாப்பாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறான். என் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது, இப்போது ஊன்றுகோல் இல்லாமல் கடை வரை போய் வருகிறேன். ஓய்வு பெற்ற பிறகு செய்ய எவ்வளவோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். பத்திரிகை வாசிப்பதும் மனிசியிடம் ஏச்சு வாங்குவதும்தான் மிச்சம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "அங்கேயும் அந்த இனவெறிக் கூட்டங்கள் பெருகுதாமே, நீங்கள் பத்திரமாகத்தான் இருக்கிறீர்களா" என்று கேட்டிருந்தாய். உன் மகள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துப் பெடியன்கள் போனில் பார்க்கும் வெறுப்பு வீடியோக்களைப் பற்றியும் எழுதியிருந்தாய். இரண்டும் ஒரே விஷயம்தான் என்று எனக்குப் படுகிறது. பத்திரமாகத்தான் இருக்கிறோம். ஆனால் அந்த ஒரு வரியோடு விட முடியவில்லை.

எங்கள் பக்கத்து நகரம் சோலிங்கன். கத்திக்கும் சவர அலகுக்கும் பேர்போன ஊர். 1993 மே 29 அதிகாலையில் அங்கே கென்ச் என்ற துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள், எல்லோரும் பெண்களும் சிறுமிகளும். கடைசிப் பிள்ளைக்கு நாலு வயது. தண்டனை பெற்ற நான்கு பேருக்கும் அப்போது 16 இலிருந்து 23 வயதுக்குள்தான். ஒருவன் அதே தெருவில் இருந்தவன். இன்னொருவன் டாக்டர் வீட்டுப் பிள்ளை. வறுமைதான் இதற்கெல்லாம் காரணம் என்று யாராவது தொடங்கினால் நான் இவனைத்தான் காட்டுவது. அவர்களில் சிலர் ஒரு தற்காப்புக்கலைப் பள்ளிக்குப் போய்வந்தார்கள். வலதுசாரித் தீவிரவாதிகள் கூடும் இடம் அது. அதை நடத்தியவர் மாநில உளவுத்துறைக்குத் தகவல் கொடுப்பவர் என்று பிறகு தெரியவந்தது. அரசாங்கத்தின் ஆள் உள்ளே இருந்தும் வீடு எரிந்தது.

அந்தக் காலத்தில் துருக்கியக் குடும்பங்கள் பல மாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் கயிற்றேணி வாங்கி வைத்திருந்தன. நாங்கள் இருந்த கட்டடத்திலும் படிக்கட்டின் கீழே வாளியில் தண்ணீர் நிரப்பி வைப்போம். மூன்று மாடி எரிந்தால் ஒரு வாளித் தண்ணீர் என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் நான் எழுத நினைத்தது தீ வைத்த நான்கு பேரைப் பற்றி அல்ல. அதற்கு ஒன்பது மாதம் முன்னால், 1992 ஓகஸ்ட் மாதம், கிழக்கே ரோஸ்ரொக் நகரின் லிக்ரன்ஹாகன் பகுதியில் நடந்ததைப் பற்றி. அகதி விண்ணப்பக்காரர் தங்கியிருந்த கட்டடத்தை முதலில் தாக்கினார்கள். அவர்களை வேறிடத்துக்குக் கொண்டுபோன பிறகு, பக்கத்தில் வியட்நாம் தொழிலாளர்கள் இருந்த பகுதிக்குத் தீ வைத்தார்கள். உள்ளே நூறு பேருக்கு மேல். பொலிஸ் பின்வாங்கிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் கூரைவழியாகத் தப்பினார்கள். கல்லும் பெற்றோல் குண்டும் எறிந்தவர்கள் சில நூறு பேர். சுற்றி நின்று பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில், அவர்களில் பலர் கைதட்டினார்கள், கத்தி உற்சாகப்படுத்தினார்கள். இதெல்லாம் தொலைக்காட்சியில் வந்தது, மச்சான். பக்கத்து வீட்டு மனிதர்கள், சாதாரண ஆக்கள்.

ஒரு கூட்டம் வளர்வது அதன் தலைவரின் பேச்சால் என்று நான் நம்புவதில்லை. வெறி பிடித்த இருபது பேர் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் இருப்பார்கள். அவர்களைச் சுற்றி நிற்பவர்கள் என்ன முகம் காட்டுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தப் பதினாறு வயதுக்காரன் தெருவைப் பார்த்தே ஒரு முடிவுக்கு வருகிறான்: பெரியவர்கள் வாயால் சொல்வதை நான் கையால் செய்கிறேன். அந்த வருடங்களில் "படகு நிரம்பிவிட்டது" என்று அரசியல்வாதிகளும் பத்திரிகைகளும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அகதி உரிமையைச் சுருக்கும் அரசியலமைப்புத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1993 மே 26. சோலிங்கன் எரிந்தது மூன்று நாள் கழித்து. அந்தத் திருத்தத்தால்தான் எரிந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அந்தப் பெடியன்களுக்குத் தெரிந்திருந்தது.

உனக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணம் சோனகதெருவில் இருந்து முஸ்லிம்களான உங்களைப் புலிகள் இரண்டு மணி நேரத்தில் வெளியே போகச் சொன்னார்கள். நான் அப்போது இங்கே. இரண்டு மாதம் கழித்து அண்ணன் எழுதிய கடிதத்தில்தான் அறிந்தேன். முந்தியொரு முறை நீ எழுதியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: துவக்கைக் கண்டு பேசாமல் நின்ற அயலவர்களோடு கோபம் இல்லை, பிறகு வந்து கூரை ஓட்டையும் கதவு நிலையையும் கழற்றிக்கொண்டு போனவர்களைத்தான் மறக்க முடியவில்லை என்று. பயத்தில் மௌனமாக இருப்பது ஒன்று, லாபம் பார்ப்பது வேறொன்று. ரோஸ்ரொக்கில் கைதட்டியவர்களின் முதுகில் யாரும் துவக்கு வைத்திருக்கவில்லை.

சட்டம் போட்டுத் தடுக்க முடியாதா என்று கேட்பாய். முடியும், ஓரளவுக்கு. இங்கே நாஜிச் சின்னங்களைக் காட்டினாலே குற்றம். இனவெறியைத் தூண்டிப் பேசினால் குற்றம். 2020 இல் 'கொம்பாற் 18' என்ற நாஜி அமைப்பையும் 2023 இல் 'ஹமர்ஸ்கின்ஸ்' என்ற அமைப்பின் ஜேர்மன் கிளையையும் தடை செய்தார்கள். தடை செய்தால் மண்டபம் போகும், பணம் போகும், பாட்டுக்கச்சேரி போகும். அதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. ஆனால் எங்கள் இலங்கையைப் பார், 2021 ஏப்ரலில் பதினொரு முஸ்லிம் அமைப்புகளைத் தடை செய்தார்கள், அதே வருடம் ஒக்டோபரில் பொதுபல சேனா என்ற சிங்கள பௌத்தத் தீவிர அமைப்பின் ஞானசார தேரரை 'ஒரே நாடு ஒரே சட்டம்' செயலணிக்குத் தலைவராக்கினார்கள். தடைச் சட்டம் யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் சட்டம் கையில் இருந்தும் கண் வேறு பக்கம் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜேர்மனியே உதாரணம். 2000 இலிருந்து 2007 வரை என்எஸ்யு என்ற நாஜிக் குழு பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றது. எட்டுப் பேர் துருக்கிய வழியினர், ஒருவர் கிரேக்கர், ஒருவர் பொலிஸ்காரி. பூக்கடைக்காரர், தையல்காரர், கியோஸ்க் வைத்திருந்தவர் என்று எல்லோரும் உழைத்துச் சாப்பிட்ட மனிதர்கள். வருடக்கணக்கில் பொலிஸ் சந்தேகப்பட்டது செத்தவர்களின் குடும்பங்களைத்தான். போதைப்பொருளா, மாபியாவா, கள்ளத் தொடர்பா என்று விதவைகளைக் குடைந்தார்கள். 2006 இல் அந்த வருடம் கொல்லப்பட்ட இருவரின் குடும்பங்களும் காசெல் நகரில் ஊர்வலம் போய், பத்தாவது பலி வேண்டாம், கொலைகாரர்களைப் பிடியுங்கள் என்று கேட்டார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் பத்தாவது பலி நடந்தது. உண்மை வெளியே வந்தது 2011 நவம்பரில், அதுவும் ஒரு வங்கிக் கொள்ளைக்குப் பிறகு குழுவின் இருவர் செத்துப்போனதால்.

இந்தக் குழுவின் கதையில் எனக்கு அதிகம் உறைத்தது வேறொன்று. குழுவின் மையத்தில் இருந்த மூன்று பேரும் பதின்ம வயதில் ஜெனா நகரில் ஒரு இளைஞர் மன்றத்துக்குப் போய்வந்தவர்கள். பேர்லின் சுவர் விழுந்த பிறகு கிழக்கில் தொழிற்சாலைகள் மூடின, பெற்றோர் வேலை இழந்தார்கள், பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். அரசாங்கம் இளைஞர் மன்றங்களுக்குக் காசு கொடுத்தது. நாஜிப் பெடியன்களையும் ஒதுக்காமல் அரவணைக்க வேண்டும் என்பது அன்றைய கொள்கை. நல்ல எண்ணம்தான். ஆனால் பல இடங்களில் எல்லை போடும் பெரியவர் இல்லை. அதனால் மன்றமே அவர்களின் கைக்குப் போனது, மற்றப் பிள்ளைகள் பயந்து வருவதை நிறுத்தினார்கள். உன் மகளுக்கு இதைச் சொல். பெடியன்களுக்கு விளையாட ஒரு மைதானம் கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்று யாராவது சொன்னால், அந்த மைதானத்தில் "இங்கே இது நடக்காது" என்று சொல்ல யார் நிற்கப்போகிறார் என்று கேட்கச் சொல்.

கெட்டதை மட்டும் எழுதுகிறேன் என்று நினைக்காதே. பவாரியாவில் வூன்சீடல் என்று ஒரு சின்ன ஊர். ஹிட்லரின் வலதுகையாக இருந்த ருடோல்ப் ஹெஸ்ஸின் கல்லறை அங்கே இருந்தது. 2011 இல் அதை அகற்றிய பிறகும் நாஜிக்கள் வருடா வருடம் வந்து ஊர்வலம் போவார்கள். சட்டப்படி முற்றாகத் தடுக்க முடியவில்லை. 2014 நவம்பரில் ஊர்க்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். அவர்கள் நடக்கும் ஒவ்வொரு மீற்றருக்கும் பத்து யூரோ, நாஜி அமைப்புகளில் இருந்து வெளியேறுபவர்களுக்கு உதவும் 'எக்ஸிட்' என்ற அமைப்புக்குப் போகும் என்று அறிவித்தார்கள். தெருவில் தொடக்கக் கோடு போட்டார்கள், வழியில் வாழைப்பழம் வைத்தார்கள், முடிவில் நன்றிப் பதாகை கட்டினார்கள். நடந்து முடித்தபோது நாஜிக்கள் தங்கள் காலாலேயே தங்களுக்கு எதிராகப் பத்தாயிரம் யூரோ சேர்த்திருந்தார்கள்! செய்தி வாசித்த அன்று தனியே இருந்து சிரித்தேன். இந்த வித்தை எல்லா ஊரிலும் பலிக்காது. ஊர் ஒன்றாக நின்றதால்தான் அங்கே சிரிப்பு வந்தது. மேயரும் கடைக்காரரும் பாதிப் பேர் மறுபக்கம் நிற்கும் ஊரில் அந்த வாழைப்பழத்தை வைக்க யாருக்கும் துணிவு வராது.

அந்த எக்ஸிட்டைத் தொடங்கியவர்கள் இரண்டு பேர்: பேர்ன்ட் வாக்னர் என்ற முன்னாள் பொலிஸ் அதிகாரி, இங்கோ ஹசல்பாக் என்ற முன்னாள் நாஜித் தலைவர். 2000 ஆம் ஆண்டில் இருந்து இயங்குகிறது. 2011 இல் ஒரு நாஜி இசைவிழாவில் இவர்கள் மண்டையோடு போட்ட ரீசேர்ட் 250 இலவசமாகக் கிடைக்கச் செய்தார்கள். பெடியன்கள் ஆசையாக வாங்கிக்கொண்டு போனார்கள். வீட்டில் கழுவியதும் மேல்சாயம் போய், உன் ரீசேர்ட்டால் முடிந்தது உன்னாலும் முடியும், வெளியே வர உதவுவோம் என்ற எழுத்து வந்தது. அடித்த பகிடியைவிட அதன் உள்நோக்கம் எனக்குப் பிடித்தது. கூட்டத்துக்குள் இருப்பவன் ஒவ்வொருவனுக்கும் ஏதோ ஒரு இரவில் சந்தேகம் வருகிறது. அந்த நேரம் போக ஒரு கதவு இருக்க வேண்டும். வெளியே வந்தால் பழைய ஆக்கள் அடிக்க வருவார்கள், புதியவர்கள் நம்பமாட்டார்கள், வேலை கிடைக்காது, உடம்பில் குத்திய பச்சையை அழிக்கவும் காசு வேண்டும். இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்துகொடுப்பதுதான் அவர்கள் வேலை. மெதுவான வேலை, தேர்தல் மேடையில் சொல்லிக்காட்ட முடியாதது.

இப்போதைய நிலைமைக்கு வருகிறேன். 2024 ஓகஸ்டில் அதே சோலிங்கனில், நகரத்தின் 650 ஆவது ஆண்டு விழாவில், ஒரு சிரியாக்காரன் கத்தியால் குத்தி மூன்று பேரைக் கொன்றான். ஐஎஸ் உரிமை கோரியது. அடுத்த நாட்களில் எங்கள் தமிழ்க் கடைக்குள்ளேயே "இவங்களை எல்லாம் திருப்பி அனுப்ப வேணும்" என்று கதைத்தார்கள். கதைத்தவர்களும் ஒருகாலத்தில் கிழக்கு பேர்லின் வழியாக வந்து அகதி விண்ணப்பம் போட்டவர்கள்தான், என்னைப் போலவே. ஒரு பக்கத்து வெறியன் கத்தி எடுத்தால் மறுபக்கத்து வெறியனுக்கு ஆள் சேர்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மே மாதம் உங்கள் புத்தளம் மாவட்டத்திலேயே ஒரு முஸ்லிம் தச்சுத் தொழிலாளியைக் கொன்றார்களே, அதேதான்.

ஏஎப்டி என்ற வலதுசாரிக் கட்சி 2025 பெப்ரவரித் தேர்தலில் 20.8 சதவீதம் வாங்கி இரண்டாவதாக வந்தது. உள்நாட்டு உளவுத்துறை மே மாதம் அதை வலதுதீவிரவாத அமைப்பு என்று வகைப்படுத்த, கட்சி நீதிமன்றம் போனது. அவர்களுக்கு வாக்குப் போடுகிற எல்லோரும் வெறியர் இல்லை. எங்கள் கட்டடத்திலேயே ஒருவர் இருக்கிறார், என் முழங்காலுக்குப் பிறகு பால் வாங்கி வந்து தருபவர். அவரோடு நான் கதைப்பதை நிறுத்தவில்லை. கட்சியைப் பற்றி அவர் தொடங்கினால் நானும் விடுவதில்லை, மனிசி உள்ளே இருந்து இருமுவாள்.

உன் மகளின் வகுப்புக்கு எனக்குத் தோன்றியது ஒன்று. பெடியன்களிடம் வெறுப்புக் கூடாது என்று பிரசங்கம் செய்ய வேண்டாம், கேட்கமாட்டார்கள். 2018 இல் அம்பாறையில் கொத்துரொட்டிக்குள் மலட்டு மாத்திரை என்று ஒரு முஸ்லிம் கடையை அடித்து நொறுக்கினார்களே, அந்தக் கதையை எடுக்கட்டும். அரச பகுப்பாய்வாளர் பார்த்தபோது அது வெறும் மாக்கட்டி. அதற்குள் வீடியோ நாடு முழுக்கப் போய்விட்டது, அடுத்த வாரம் கண்டிக்குப் பக்கத்தில் திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 2020 இல் பேஸ்புக் கம்பனியே தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. வீடியோவை யார் எடுத்தார், அந்தக் கடைக்காரரைப் பேசவைத்தது எப்படி, அனுப்பியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பெடியன்களே துப்பறியட்டும். பிறகு தங்கள் போனில் உள்ள ஒரு வீடியோவை எடுத்து அதே கேள்விகளைக் கேட்கட்டும். ஒரு பெடியன் மட்டும் விடாமல் முரண்டு பிடித்தால் வகுப்பில் வைத்து மடக்க வேண்டாம். தோற்றுப்போனவனை அன்று பின்னேரமே அந்தக் கூட்டம் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போகும். தனியே கூப்பிட்டு, வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்கச் சொல்.

மார்ச் மாதம் வர நினைத்திருக்கிறேன், முழங்கால் ஒத்துழைத்தால். கொழும்பில் தங்காமல் நேரே புத்தளம். பிறகு இருவருமாக யாழ்ப்பாணம் போவோம், உன் காணி எல்லை விஷயம் எந்த அளவில் நிற்கிறது என்று கச்சேரியில் நானும் கூட வந்து கேட்கிறேன். மகள் அந்தக் கொத்துரொட்டிப் பாடத்தைச் செய்து பார்த்தால் பெடியன்கள் என்ன சொன்னார்கள் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் சிவா