நீ அனுப்பிய மேடைக் கச்சேரி

அன்புள்ள குமரனுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீ ஒரு வார்த்தையும் எழுதாமல் அனுப்பிவைத்த ‘அமெரிக்கன் உட்டோபியா’ என்ற கச்சேரிப் படத்தை அப்பாவும் நானும் முழுவதும் பார்த்து முடித்தோம். தை மாதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்த முதல் சேதி அது என்பதால், இதில் எதைச் சொல்ல நினைத்தாய் என்று தேடிக்கொண்டேதான் நான் பார்த்தேன்.

தொடக்கத்தில் பாடகர் டேவிட் பைர்ன் தனியாக ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, மூளையின் மாதிரி ஒன்றைக் கையில் ஏந்தி, அதன் பகுதிகளைச் சுட்டிக்காட்டிப் பாடுகிறார். சாம்பல் நிறக் கோட்டு, வெறுங்கால், மூன்று பக்கமும் மெல்லிய சங்கிலிகளாலான திரை. அந்த மனிதர் இப்படித் தனியாகத் தொடங்குவது இது முதல்முறை அல்ல என்று தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஜொனாதன் டெம்மி இயக்கி 1984இல் வந்த அவருடைய பழைய கச்சேரிப் படத்திலும் ஒரு கிடாரும் டேப் ரெக்கார்டருமாக ஒற்றை ஆளாக வந்து நிற்கிறார். பாட்டுக்குப் பாட்டு மற்றவர்கள் வந்து சேர்கிறார்கள். இதிலும் சங்கிலிகளை விலக்கிக்கொண்டு ஆட்கள் வந்துகொண்டே இருக்க, கடைசியில் மேடையில் 12 பேர். எல்லோருக்கும் அதே கோட்டு, எல்லோரும் வெறுங்கால்.

என் கண் தாளக்காரர்களை விட்டு நகரவில்லை. ஒருவர் உட்கார்ந்து வாசிக்கும் டிரம்ஸைப் பிரித்து, ஆளுக்கு ஒன்றாக 6 பேர் உடம்பில் மாட்டிக்கொண்டு, நடந்தபடியும் திரும்பியபடியும் வாசிக்கிறார்கள். கீபோர்டைக்கூட ஒருவர் வார் போட்டுச் சுமக்கிறார். தரையில் ஒரு ஒயர் கிடையாது, ஒரு மைக் ஸ்டாண்டு கிடையாது. அதனால்தான் நடனம் அமைத்த ஆன்னி-பி பார்சனால் வாத்தியக்காரர்களையே ஆட்டக்காரர்களாகவும் நடிகர்களாகவும் ஆக்க முடிந்திருக்கிறது. கோயில் புறப்பாட்டில் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசித்தபடியே நடப்பவர்களின் பின்னாலேயே நாலு வீதியும் சுற்றியவன் நீ. உனக்கு இது ஏன் பிடித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உன் மிருதங்கத்துக்கு அப்பா புதிதாக வார் பிடித்து வைத்திருக்கிறார். அதை அங்கே கொண்டுபோகச் சொன்னபோது, அடுத்த வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு என்றாய். அந்த அடுத்த வீட்டுக்காரர்களை ஒருநாளாவது சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாயா?

வீட்டுக்கு எல்லோரும் வருகிறார்கள் என்ற அந்தப் பாட்டை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தான் பாடும்போது, வந்தவர்கள் எப்போது கிளம்புவார்கள் என்ற தவிப்பு அதில் கேட்கிறது என்கிறார் பைர்ன். அதையே டெட்ராயிட் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் பாடியபோது, வாருங்கள் வாருங்கள் என்று அழைப்பதாக ஆகிவிட்டதாம். அவர்கள் பாடியதே தனக்கு அதிகம் பிடித்திருக்கிறது, ஆனாலும் தன் சுபாவம் இதுதான் என்பதுபோல் சொல்கிறார். இந்த ஒரு பேச்சுக்காகத்தான் எனக்கு இதை அனுப்பினாயா, குமரா? அப்படியானால் அதற்குப் பிறகு வருவதையும் பார். சுபாவம் இதுதான் என்று சொன்னவரைச் சுற்றி 11 பேர் நிற்கிறார்கள். முடிவில் அவர்களோடு மேடையை விட்டு இறங்கி, ஜனங்களுக்கு நடுவே பாடிக்கொண்டே நடக்கிறார். கூச்சம் உள்ளவன் தனியாகத்தான் இருந்தாக வேண்டும் என்று அந்தக் கச்சேரி எங்கும் சொல்லவில்லை.

கறுப்பினப் பாடகி ஜனெல் மோனேயின் பாட்டு வரும் இடத்தில் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். தன்னைப் போல வயதான ஒரு வெள்ளைக்காரர் அதைப் பாடலாமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டு, சம்மதம் பெற்றே பாடுவதாகச் சொல்கிறார் பைர்ன். கொல்லப்பட்ட கறுப்பின மக்களின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லி, கேட்பவர்களையும் சொல்லச் சொல்கிறார்கள். இயக்குநர் ஸ்பைக் லீ அங்கே மேடையை விட்டு விலகி, அந்தப் பிள்ளைகளின் படங்களைப் பெரிதாகப் பிடித்துக்கொண்டு நிற்கும் உறவினர்களைக் காட்டுகிறார். படம்பிடித்த பிறகு, 2020இல் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட ஜார்ஜ் ஃபிளாய்டின் பெயரும் சேர்ந்திருக்கிறது. பெற்றவர்கள் அந்தப் படங்களைப் பிடித்திருந்த விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. அவர்கள் துக்கத்துக்கு முன்னால் என் கவலை ஒன்றுமே இல்லை. இருந்தாலும் அன்றிரவு தூங்காமல் உன்னைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து இரவில் அந்த ரயிலில் தனியாக வராதே. வீட்டுக்கு வந்ததும் ஒரு வரி அனுப்பு.

நியூயார்க்கில் 44ஆம் தெருவில் உள்ள ஹட்சன் தியேட்டரில் 2019இல் தொடங்கிய நிகழ்ச்சி என்று படித்தேன். நீ அப்போது அங்கேதான் இருந்தாய். நேரில் பார்த்தாயா, பார்த்தாய் என்றால் யாரோடு போனாய் என்று கேட்க எனக்கு ஆசைதான். அவளைப் பற்றி நான் கேட்க மாட்டேன் என்று சித்திரையில் உனக்கு வாக்குக் கொடுத்தேன், கேட்கவில்லை. எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு சங்கீதத்தை, இந்த வயதில் உட்கார்ந்து பார்க்க வைத்த பிள்ளை நீ என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதை ஒரு வரி பேச்சும் இல்லாமல் அனுப்பியதில் வருத்தமும் உண்டு.

மாடியில் இருக்கும் அந்த ஆந்திரக் குடும்பத்தை வரும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடு. பருப்புப் பொடி பார்சலில் வருகிறது. சோறும் ஒரு ரசமும் வைத்தால் போதும். அவர்கள் வந்தார்களா, என்ன பேசினீர்கள் என்று எழுது. இந்தப் படத்தில் உனக்குப் பிடித்த இடம் எது என்றும் எழுது. நீ எழுதினால் அதை மறுபடியும் போட்டுப் பார்ப்பேன்.

அன்புடன்,
அம்மா