வலி மாத்திரையும் மருந்துதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூட்டுவலி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். உடற்பயிற்சி, எடைக் குறைப்பு எல்லாம் விரிவாக இருந்தது, ஆனால் வலி மாத்திரையை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்பதால்தான் எழுதுகிறேன்.

என் அப்பா பல வருடமாக பிரஷருக்கு ராமிப்ரிலும், கூடவே நீர் பிரிவதற்கு ஒரு மாத்திரையும் எடுப்பவர். முழங்கால் வலிக்கு அவராகவே டைக்ளோஃபினாக் வாங்கி தினமும் போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் சிறுநீரே சரியாகப் போகவில்லை, பாதம் வீங்கிவிட்டது, ரத்தத்தைப் பரிசோதித்தால் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) 3.4, ஆறு மாதம் முன்பு 1.1தான் இருந்தது. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு "வேற ஒண்ணும் இல்லை" என்றார் அப்பா. மறைக்கவில்லை, அவர் கணக்கில் அது மருந்தே இல்லை. அம்மாதான் கைப்பையிலிருந்து பாதி காலியான அட்டையை எடுத்து நீட்டினார்.

சிறுநீரகத்துக்குள் ரத்தம் வரும் குழாய் சுருங்காமல் இருக்க உடம்பே ஒரு பொருளைச் சுரக்கிறது, டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸென் போன்றவை அதைத் தடுக்கின்றன. ராமிப்ரில், ரத்தம் வெளியே போகும் குழாயைத் தளர்த்துகிறது. உடம்பில் நீரும் குறைந்துவிட்டால் வடிகட்டத் தேவையான அழுத்தமே இருக்காது. தனியாகப் பார்த்தால் ராமிப்ரில் சிறுநீரகத்துக்கு நல்லது செய்கிற மருந்துதான், அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் பிரஷர் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.

கேஸ் மாத்திரையும் அப்படித்தான். ஒமிப்ரசோல், பான்டாப்ரசோல் சிலருக்கு, அபூர்வமாகத்தான் என்றாலும், சிறுநீரகத்தில் அழற்சி உண்டாக்கும், ஆனால் இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்ததை வருடக்கணக்கில் போடுபவர்கள் எத்தனையோ பேர். வைட்டமின் சி அளவுக்கு மீறினால் ஆக்ஸலேட் என்ற உப்பாக மாறி சிறுநீரகத்தில் கல் உண்டாகலாம். வைட்டமின் டி மிகையானால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அப்புறம் இந்த "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்ற பேச்சு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது, அதில் கலந்திருந்த அரிஸ்டோலோகியா என்ற செடிதான் காரணம், சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.

அப்பாவுக்கு வலி மாத்திரையை நிறுத்தி, டிரிப்ஸ் ஏற்றி, மூன்று வாரத்தில் கிரியேட்டினின் 1.3க்கு இறங்கியது. இப்போது டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா அட்டையையும், சத்து மாத்திரை டப்பா உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போகிறோம். அடுத்த முறை வலி பற்றி எழுதும்போது இந்த மருந்துகளின் பெயர்களைத் தயவுசெய்து கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி