தமிழ் தெரிந்தால் போதும், தோழி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அரையாண்டு விடைத்தாள்களைத் திருத்தி முடிக்கும்வரை வேறு எதற்கும் உட்கார நேரமில்லை. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் மனசு ஆறியது. கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏறவிடாதே. இங்கே எல்லாரும் சுகம். பெரியவன் கோவையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், சாப்பாடுதான் பிடிக்கவில்லையாம்.

உன் சின்னவளுக்குப் பத்தாம் வகுப்பு அரையாண்டில் இங்கிலீஷில் 41 மார்க் வந்ததற்கு இவ்வளவு கவலைப்பட வேண்டாம். நீ அனுப்பிய விடைத்தாள் படங்களை நிதானமாகப் பார்த்தேன். பாடத்தில் இருந்து வந்த கேள்விகளுக்கு ஓரளவு எழுதியிருக்கிறாள். எளிதாக வாங்கியிருக்க வேண்டிய மார்க்கை விட்டது இரண்டு இடத்தில்: பிழை திருத்தும் 5 வாக்கியங்களில் மூன்று போய்விட்டன, பத்தியைப் படித்து விடை எழுதும் 8 மார்க் கேள்வி பாதியில் நிற்கிறது. பாடத்தை மனப்பாடம் செய்யாமலே மார்க் வாங்கக்கூடிய இடங்கள் இவை. அதனால் டியூஷனுக்கு அவசரப்படாதே.

நீ எழுதியதில் ஒரு வரி எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'எனக்கே இங்கிலீஷ் வராது, நான் எப்படி அவளுக்குச் சொல்லித்தர?' என்று கேட்டிருக்கிறாய். உனக்குத் தமிழ் நன்றாக வருமே, அது போதும். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, அவள் தாளை வைத்தே காட்டுகிறேன்.

முதல் வாக்கியம், 'ஒன் ஆஃப் தி பாய்ஸ் ஆர் ஆப்சென்ட்'. இவள் 'ஆர்' என்பதை அப்படியே விட்டு, 'பாய்ஸ்' என்பதை 'பாய்' என்று மாற்றியிருக்கிறாள். என் வகுப்பிலும் பாதிப் பேர் இதைத்தான் செய்வார்கள். 'பையன்களில் ஒருவன் வந்தான்' என்று நாம் சொல்லும்போது பையன்கள் பன்மை, வந்தான் ஒருமை. 'வந்தார்கள்' என்று யாராவது சொல்வோமா? அங்கேயும் அதே கணக்குதான், 'பாய்ஸ்' இருக்கட்டும், 'ஆர்' போய் 'ஈஸ்' வர வேண்டும்.

அடுத்தது 'ஹி டிட் நாட் வென்ட்'. 'போனவில்லை' என்று நம் ஊரில் சின்னக் குழந்தைகூடச் சொல்லாது, 'போகவில்லை'தான். காலம் காட்டும் வேலையை 'டிட்' செய்துவிடுவதால் பின்னால் வெறும் 'கோ' போதும். 'தோ இட் வாஸ் ரெயினிங், பட் ஹி கேம்' என்பதும் இப்படித்தான். 'மழை பெய்தாலும் ஆனால் வந்தான்' என்று அவளையே வாய்விட்டுச் சொல்லச் சொல், 'தோ' இருக்கும் இடத்தில் 'பட்' எதற்கு என்று அவளே அடித்துவிடுவாள்.

'ஒரு' என்பதற்கு இங்கிலீஷில் வரும் 'ஏ', 'ஆன்' குழப்பத்துக்கு நான் வகுப்பில் செய்வது ஒன்று உண்டு. அந்தச் சொல்லைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்தில் எழுதிப் பார்க்கச் சொல்வேன். உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்', மெய்யிலோ உயிர்மெய்யிலோ தொடங்கினால் 'ஏ'. யுனிவர்சிட்டி 'யு'வில் தொடங்குகிறது, அதனால் 'ஏ'. மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லை ஆங்கிலத்தில் 'எச்' போட்டு எழுதினாலும், காதில் விழுவது 'அவர்', அதனால் 'ஆன்'. எம்.எல்.ஏ.வுக்கும் 'ஆன்'தான். ஓர் ஊர், ஒரு வீடு என்று தமிழ் வாத்தியார் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? அதை அறிந்த பிள்ளைக்கு இது புதிது இல்லை. ஒன்று என்ற எண்ணை மட்டும் 'ஒன்' என்று எழுதி ஏமாறக் கூடாது, காதில் விழுவது 'வன்'.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் இருக்கின்றன. 'என்னைவிட சீனியர்' என்று நினைத்து 'சீனியர் தேன்' என்று எழுதுவார்கள், அங்கே 'டு' வர வேண்டும். 'அதைப் பற்றிப் பேசினோம்' என்பதால் 'டிஸ்கஸ்ட் அபவுட்' என்று எழுதுவார்கள், 'அபவுட்' கூடாது. 'ஃபர்னிச்சர்ஸ்' என்று பன்மை கிடையாது. இவற்றுக்குக் காரணம் தேடி நேரத்தைக் கழிக்காமல் எழுதிப் பழக வேண்டியதுதான். ஒரு தனி நோட்டுப் போடச் சொல். கைடில் இருக்கிற விதிகளை அதில் எழுத வேண்டாம், அவள் தவறவிட்ட வாக்கியங்கள் மட்டும் போதும். இடப்பக்கம் தப்பு, வலப்பக்கம் சரி. வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நீ கேள்.

பத்திக் கேள்வியில் அவளுக்கு நேரமும் போதவில்லை, முறையும் தெரியவில்லை. விவசாயி ஏன் மாட்டை விற்றான் என்று கேட்டிருக்கிறார்கள். இவள் 'கௌ' என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடி, அந்த வாக்கியத்தை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறாள். காரணம் அதற்கு அடுத்த வாக்கியத்தில், மகளின் படிப்புச் செலவில் இருக்கிறது. 'ஏன்' என்று கேட்டால் காரணம், 'எப்போது' என்றால் காலம் என்று முதலில் கேள்வியைப் பிடிக்கப் பழக வேண்டும். பத்தியில் வருகிற 'ஹி', 'இட்', 'தே' ஒவ்வொன்றும் யாரைச் சொல்கிறது என்று பென்சிலால் மேலே எழுதிப் பார்க்கட்டும். இந்தப் பழக்கம் ஒன்றிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இதிலும் உனக்கு வேலை இருக்கிறது. தினமும் இங்கிலீஷ் பேப்பரில் ஒரு சின்னச் செய்தியை அவள் படிக்கட்டும், படித்துவிட்டு உனக்குத் தமிழில் சொல்லட்டும். நீ அடுப்படியில் நின்றுகொண்டே கேட்கலாம். 'யாரு? எதுக்கு? அப்புறம் என்ன ஆச்சு?' என்று குடைந்துகொண்டே இரு. அவள் தடுமாறுகிற இடம்தான் அவளுக்குப் புரியாத இடம், திரும்பப் போய்ப் படித்துவிட்டு வருவாள். புரியாத சொல்லுக்கெல்லாம் உடனே அகராதியைத் திறக்க விடாதே. தேர்வு அறையில் அகராதி இருக்காதே.

நமக்கு இங்கிலீஷ் இரண்டு தாளாக இருந்தது, இலக்கணத்துக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. 2019-ல் ஒரே தாளாக்கிவிட்டார்கள், எல்லாம் 100 மார்க்குக்குள், மூன்று மணி நேரத்தில். பத்திக் கேள்வி கடைசியில் வருவதால் பிள்ளைகள் களைத்துப்போய் அதற்கு வருகிறார்கள், எனக்கு இது வருத்தம்தான். கேள்வித்தாளைப் படிக்க முதலில் தருகிற 10 நிமிஷத்தில் அவள் அந்தப் பத்தியைப் படித்துவிடட்டும். ஒரு மார்க் கேள்விகள் முடிந்த கையோடு அதை எழுதட்டும். கேள்வி எண்ணைச் சரியாகப் போட்டால் போதும், வரிசை மாறினால் யாரும் மார்க் குறைக்க மாட்டோம்.

பழைய கேள்வித்தாள்கள் சில என்னிடம் இருக்கின்றன, இந்த வாரம் கூரியரில் அனுப்புகிறேன். பிழை திருத்தும் கேள்வியையும் பத்தியையும் மட்டும் எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொல், அன்றைக்கே பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன். பரீட்சை முடிந்ததும் இரண்டு பேரும் இங்கே வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போங்கள். அம்மாவை நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தோழி