மாற்றாத ஆயில் சம்ப்புக்கு வாங்கிய பணம் பற்றிய புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர், தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர், தலைமை அலுவலகம்.

நாள்: 02.04.2025

பொருள்: ராமநாதபுரம் கிளையில் 12.02.2025 அன்று ஆயில் சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தகரத் தொட்டி) மாற்றியதாகப் பில் போட்டு, பழைய சம்ப்பிலேயே பசை ஒட்டி அனுப்பியது தொடர்பாக.

ஐயா,

என் வண்டி 2009-ம் வருட மாருதி 800. என் அப்பா வாங்கியது. அந்த மாடலை 2014 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள் என்றாலும் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. எஞ்சினும் நன்றாகவே இருக்கிறது. கார் செய்த கம்பெனி மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. உங்கள் சர்வீஸ் சென்டர் செய்த வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் அம்மாவுக்கு வாரம் இரண்டு தடவை ராமநாதபுரத்தில் டயாலிசிஸ். போக வர ஏறத்தாழ 90 கிலோமீட்டர், இரண்டு தடவையும் பாம்பன் பாலத்தைத் தாண்டியாக வேண்டும். அதனால் வண்டியில் சின்னக் கோளாறு வந்தாலும் நான் தள்ளிப்போடுவதில்லை. ஜனவரி கடைசியில் வாசல் சிமெண்டுத் தரையில் ஆயில் சொட்டு தெரிந்தது. முதலில் ஒரு ரூபாய்க் காசு அளவு. பழைய அட்டையை விரித்து வைத்துப் பார்த்தேன். நாலாவது நாள் அட்டை முழுக்க ஊறிவிட்டது.

உங்கள் கிளையில் லிஃப்ட்டில் ஏற்றி, என்னையும் கீழே கூப்பிட்டுக் காட்டினார்கள். நாங்கள் சேம்பர் என்று சொல்லும் அந்தத் தகரத் தொட்டியின் அடிப்பக்கம் முழுக்கத் துரு, அப்பளம் மாதிரி பொருக்கு பொருக்காக. ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டுக்குப் பக்கத்தில் ஆயில் கசிந்து பளபளத்தது. உங்கள் சர்வீஸ் அட்வைசர் இரண்டு வழி சொன்னார். பசை ஒட்டினால் 600 ரூபாய். சம்ப்பையே மாற்றினால் நாலாயிரத்துக்கு மேல் ஆகும். எது நல்லது என்று கேட்டேன். அவர் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"பசை நிக்காது சார். ஓட்டை ஊசி முனை அளவுதான், ஆனா சுத்திலும் தகடு பேப்பரா இருக்கு. பசை எதைப் புடிச்சு நிக்கும்? ஆயில் சூடாகும், ஆறும், எஞ்சின் ஆடிக்கிட்டே இருக்கும். ஒரு நாள் அப்படியே கழண்டு விழுந்துரும்."

நல்ல விளக்கம். அதைக் கேட்டுத்தான் மாற்றச் சொன்னேன். பில்லில் ஆயில் சம்ப் 1,450, சம்ப் கசியாமல் இருக்க விளிம்பில் வைக்கும் பேக்கிங்கும் சிலிகானும் 320, ஆயில் 3 லிட்டர் 1,260, ஃபில்டர் 110, கூலி 1,400, ஆக வரியோடு 4,540 ரூபாய். அங்கேயே கட்டினேன். கழற்றிய பழைய சம்ப்பைக் கேட்டபோது, "ஸ்கிராப்புக்குப் போயிருச்சு சார்" என்றார்கள். அப்போதே விடாப்பிடியாகக் கேட்டிருக்க வேண்டும். அம்மாவைக் கூட்டிப்போகும் நேரம் ஆகிவிட்டதால் கிளம்பிவிட்டேன். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கருப்புப் பெயிண்டில் புதுசாகத்தான் தெரிந்தது.

சரியாக 40-வது நாள், மார்ச் 24 சாயங்காலம். டயாலிசிஸ் முடிந்து அம்மா பின் சீட்டில் படுத்திருந்தார். மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஏறினோம். பாலத்தின் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியபோது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. அந்த விளக்கு எரிந்தால் ஒரு நிமிஷம்கூட எஞ்சின் ஓடக்கூடாது, பேரிங்கும் கிராங்க்கும் போய்விடும் என்று அப்பா எனக்கு வண்டி பழக்கிய காலத்திலேயே சொல்லியிருக்கிறார். உடனே எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கைக் கையில் பிடித்தபடி பாம்பன் பக்கம் சரிவில் உருட்டிக்கொண்டே வந்து சேர்ந்தேன். பின்னால் ஒரு சுற்றுலா பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அம்மா, "என்னய்யா, என்னய்யா ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இறங்கிப் பார்த்தால் ரோட்டில் கருப்புக் கோடு. நான் வந்த வழியெல்லாம் ஆயில். பாலத்தின் மேல் டூவீலரில் குழந்தையை முன்னால் உட்கார வைத்து வருகிறவர்கள் எத்தனை பேர்! அங்கிருந்த மீன்காரப் பையன்கள் இருவர் சாக்கில் மணல் அள்ளிக்கொண்டு பாலத்தில் நடந்துபோய்த் தூவிவிட்டு வந்தார்கள். யாரும் வழுக்கி விழவில்லை. அந்தப் பையன்களுக்கு நான் பட்ட கடன் பெரிது. அம்மாவை ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பினேன்.

மறுநாள் எங்கள் ஊர் மெக்கானிக் பாய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். "தம்பி, இது புதுச் சேம்பர் இல்லப்பா" என்றார். நான் நம்பவில்லை, பில்லைக் காட்டினேன். அவர் ஸ்க்ரூ டிரைவரால் கருப்புப் பெயிண்டைச் சுரண்டினார். அடியில் சாம்பல் நிறத்தில் எபாக்சி பசை, உள்ளங்கை அகலத்துக்கு. அதில் பாதி ஏற்கெனவே பெயர்ந்து தொங்கியது. துருவைச் சுத்தமாக எடுக்காமல், ஆயில் பிசுக்கும் போகாமல், அதன் மேலேயே அப்பியிருக்கிறார்கள். பசைக்கு ஓரத்தில் தகடு உள்வாங்கிய ஒரு சொட்டை. அந்தச் சொட்டையை எனக்குத் தெரியும். ஏர்வாடி சந்தனக்கூட்டுக்குப் போன வருஷம் மண் ரோட்டில் கல் இடித்து விழுந்தது அது. புதுச் சம்ப்பில் என் பழைய சொட்டை எப்படி வரும்?

இன்னும் சொல்கிறேன். சம்ப்பைச் சுற்றியுள்ள போல்ட்டுகளின் தலையில் துரு அப்படியே படிந்திருந்தது, அதன் மேல் உங்கள் பெயிண்ட். ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. கழற்றியபோது பழைய பேக்கிங் காய்ந்து, பிஸ்கட் மாதிரி உடைந்து வந்தது. ஆக, சம்ப் கீழே இறங்கவே இல்லை. 320 ரூபாய் வாங்கிய பேக்கிங்கும் போடவில்லை. ஓட்டை இருந்த இடத்தில் துருவைத் தட்டியபோது உள்ளே விழுந்த பொருக்கும் பசைத் துணுக்கும் ஆயில் உறிஞ்சும் வலையில் சிக்கிக் கிடந்தன. அந்த வலை அடைத்திருந்தால், ஆயில் நிறைய இருந்தும் எஞ்சினுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

பாய் மதுரையிலிருந்து புதுச் சம்ப் வரவழைத்தார். மாட்டும் முன் வெளிப்பக்கம் ரெட் ஆக்சைடு அடித்து, மேலே இரண்டு கோட் கருப்பு எனாமல் அடித்து ஒரு நாள் காய வைத்தார். வலையைக் கழுவினார். பேக்கிங் உட்காரும் இடத்தைப் பிளேடால் சுரண்டித் துடைத்தார். போல்ட்டுகளை ஒரே மூச்சில் முறுக்காமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். அழுத்தி முறுக்கினால் தகட்டு விளிம்பு நெளிந்து அங்கேயே கசியுமாம். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். சிலிகான் ராத்திரி முழுக்கக் காய்ந்த பிறகுதான் ஆயில் ஊற்றினார். கூலி 800 ரூபாய். இதே வேலைக்குத்தான் உங்களுக்கு 1,400 கொடுத்தேன்.

உங்கள் கிளைக்குப் போன் செய்தேன். "கடற்கரை வண்டி அப்படித்தான் சார் இருக்கும். துருவுக்கு வாரண்டி கிடையாது" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

கடற்கரையைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு பக்கம் வடகடல், ஒரு பக்கம் தென்கடல், நடுவில் எங்கள் ஊர். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் உப்பு வரும். தனுஷ்கோடி ரோட்டில் போய் வந்தால் வண்டிக்கு அடியில் உப்பு மணல் அப்பிக்கொள்ளும். இங்கே ஜன்னல் கம்பியும் சைக்கிள் செயினும் கண் முன்னால் கரையும். 1914-ல் திறந்த ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியே அரித்துப்போய் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் ஓர் இடமே வைத்திருக்கிறது. துருப்பிடித்ததற்காக நான் உங்களிடம் வரவில்லை. துருப்பிடித்ததை மாற்றக் கொடுத்த பணத்துக்கு மாற்றாமல் விட்டதற்காக வந்திருக்கிறேன். பசைதான் ஒட்டினோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் தினமும் அடியில் பார்த்திருப்பேன், ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்திருப்பேன், அம்மாவை அதில் ஏற்றியிருக்க மாட்டேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். போடாத சம்ப், போடாத பேக்கிங், செய்யாத வேலையின் கூலி ஆகியவை 3,170 ரூபாய். வீணாய்ப் போன ஆயிலும் ஃபில்டரும் 1,370, வண்டியை இழுத்து வந்த செலவு 1,800, அடுத்த டயாலிசிஸுக்கு வாடகைக் கார் 2,200. மொத்தம் 8,540 ரூபாய். பாய்க்குக் கொடுத்த புதுச் சம்ப் விலையையும் கூலியையும் நான் கேட்கவில்லை. அது எப்படியும் என் செலவுதான்.

பணத்தைவிட முக்கியமாக ஒன்று கேட்கிறேன். உங்கள் ராமநாதபுரம் கிளையில் சம்ப் மாற்றியதாகப் பில் போட்ட மற்ற வண்டிகளைத் தயவுசெய்து திரும்பக் கூப்பிட்டு லிஃப்ட்டில் ஏற்றிப் பாருங்கள். கீழக்கரை, தொண்டி, மண்டபம், ராமேஸ்வரம் என்று எங்கள் பக்கத்து வண்டிகள்தான் அதில் நிறைய இருக்கும். அவர்களும் பில்லை நம்பிக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பாலத்தில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். உங்கள் பில், பாய் கொடுத்த ரசீது, கழற்றும்போது எடுத்த போட்டோக்கள் ஆகியவற்றின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பழைய சம்ப்பை, தொங்கும் பசையோடு, சாக்கில் சுற்றி வீட்டில் வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் எவரும் வந்து பார்க்கலாம். வாரத்தில் டயாலிசிஸ் இருக்கும் இரண்டு நாள் தவிர மற்ற நாட்களில் வீட்டில் இருப்பேன். அந்த இரண்டு நாளும் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தங்கச்சிமடம்.