தேனீயின் மூளையில் மணமும் காலமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூச்சிகளின் மோப்பத் திறன் குறித்துத் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மணம் ஒவ்வொன்றுக்கும் தனி நரம்பணு ஒன்று இருப்பதாக வாசகர் கருதும்படி அது முடிந்திருந்தது. நரம்பணுக்கள் துடிக்கும் காலமும் மணத்தை உணர்த்துகிறது என்ற, அதில் விடுபட்ட பகுதிதான் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலம் பயிரிடும் எங்களுக்கு முக்கியம்.

வெட்டுக்கிளியின் உணர்கொம்புகள் தரும் செய்தியை, மூளையின் முதல் மோப்ப நிலையத்திலுள்ள ஏறத்தாழ 830 நரம்பணுக்கள் மேலே அனுப்புகின்றன. மணம் பட்டதும் அவற்றுள் சில உடனே துடிக்கும். சில அடங்கியிருந்து பிறகு துடிக்கும். எவை துடித்தன என்பதோடு எந்தக் கணத்தில், எந்த வரிசையில் துடித்தன என்பதும் சேர்ந்தே, தவிலில் அடிகளின் இடைவெளி மாறினால் சொற்கட்டே மாறிவிடுவதுபோல, அந்த மணத்தின் அடையாளமாகிறது. கலிபோர்னியாவில் நரம்பியல் ஆய்வாளர் ஜில் லோரான் குழுவினர் 1990களில் இதை விரிவாக ஆராய்ந்து, இந்த நரம்பணுக்களின் துடிப்பு நொடிக்குச் சுமார் 20 முறை ஒருசேர எழுந்தடங்குவதையும் காட்டினர்.

அவரும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட சோதனை இன்னும் அருமையானது. தேனீயின் மூளையில் பிக்ரோடாக்சின் என்ற நஞ்சைச் செலுத்தி, அங்கும் எழும் அந்த ஒத்திசைவைக் குலைத்தபோது, ஹெக்சனால், ஆக்டனால் போன்ற நெருங்கிய மணங்களைத் தேனீக்களால் பிரித்தறிய முடியவில்லை. முற்றிலும் வேறான ஜெரானியாலை மட்டும் வழக்கம்போல் பிரித்தறிந்தன. ஒத்திசைவு குலைந்தால், உயிரோடு பறக்கும் தேனீயும் தனக்கு வேண்டிய பூவை இனங்காண இயலாமல் போகலாம் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

பூச்சியின் மூளையில் மோப்பச் செய்தியைப் பெரிதும் கடத்துவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். அச்செய்தி உரிய நேரத்தில் முடிவதற்கு அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி வேண்டும். 2023இல் ஏலத்துக்குத் தடை செய்யப்படும்வரை இலைப்பேனுக்கு அடித்துவந்த குயினால்பாஸ் என்ற பூச்சிமருந்து அந்த நொதியைத்தான் தடுக்கிறது. அப்படியிருக்க, மருந்தின் தீங்கைச் செத்து விழுந்த தேனீக்களை எண்ணி மட்டும் அளப்பது போதாது.

ஏலப்பூ காலையில் விரிந்து ஒரே நாளில் வாடிவிடும். அதற்குள் தேனீ வந்தால்தான் சரத்தில் காய் பிடிக்கும். ஆகவே பூக்கும் பருவத்தில் முற்பகல் மருந்தடிப்பைத் தோட்டக்காரர்கள் அறவே தவிர்க்க வேண்டும். இது குறித்து, இம்மலைத் தோட்டங்களுக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் பயன்படும் வகையில், தங்கள் வேளாண் பக்கத்தில் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏல விவசாயி ஒருவர்,
வண்டன்மேடு, இடுக்கி மாவட்டம்.