அயர்லாந்தின் டங்கானனிலிருந்து அம்மா எழுதுவது

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஆஸ்திரேலியாவில், உன் பெர்த்தில் இப்போது குளிர்காலம் என்று அக்கா சொன்னாள், கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மாதத்திலிருந்து பணம் அனுப்பாதே. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவுக்கு நண்டு நன்றாகவே கிடைக்கிறது, கூடுகளை முற்றத்தில் குவித்து வைத்துக்கொண்டு, வலை கிழிந்த இடத்தையெல்லாம் நீல நைலான் கயிற்றால் பின்னுகிறார். விரல் மடங்கவில்லை, ஆனாலும் யாரையும் தொடவிட மாட்டார். நீ பின்னினால் மட்டும் குறை சொல்ல மாட்டார், அது உனக்கும் தெரியும்.

கோடைக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். முன்னறையில் தங்கியிருந்தவர்களைக் கோட்டைக்குக் கூட்டிப் போனேன். சுற்றிக் காட்டிய பெண் நன்றாகத்தான் சொன்னாள், ஸ்பெயின் கப்பல்படை வந்துவிடுமோ என்ற பயத்தில் 1588-ல் எழுப்பிய நட்சத்திரக் கோட்டை என்றும், 1649-ல் இங்கிலாந்துத் தளபதி குரோம்வெல்லின் படை முற்றுகையிட்டும் பிடிக்க முடியாமல் திரும்பியது என்றும். ஆனால் பத்து வயதில் நீ சொன்ன மாதிரி வராது. வழியில் போகிற வெளியூர்க்காரர்களை நிறுத்தி வைத்துச் சொல்வாயே! அத்தனை பேச்சுப் பேசிய பிள்ளைக்கு இப்போது அம்மாவிடம் பேச இரண்டு வார்த்தை இல்லையா?

பாயின் ஆற்றங்கரைப் போரில் தோற்ற இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் 1690-ல் இங்கிருந்துதான் கப்பலேறினார், பிறகு அயர்லாந்துக்குத் திரும்பவே இல்லை என்று அவள் சொன்னபோது எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. மதிலோரம் போய் நின்றுகொண்டேன். தோற்றுப் போனால் என்ன, வீட்டுக்கு வரக்கூடாதா? அவரைத்தான் சொல்கிறேன்.

பின்னறையை இந்த வருஷம் யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டார்கள், ஈரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஈரமெல்லாம் இல்லை, மெத்தையை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். இங்கே கோடை முழுக்க ஆள் தேவைப்படுகிறது, படகிலும் சரி, கரையிலும் சரி. சும்மா சொல்லி வைக்கிறேன், நீ அங்கே நன்றாக இருந்தால் எனக்கு அதுவே போதும்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. இங்கே காலை 9 மணி என்றால் உனக்கு மாலை 4, தூக்கம் கெடாது. அப்பா எடுத்தால் நண்டைப் பற்றிப் பேசு. வேலையைப் பற்றி நான் ஒன்றும் கேட்க மாட்டேன், சத்தியமாகக் கேட்க மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு. டிக்கெட்டுக்குப் பணம் வேண்டுமென்றால் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல், என்னிடம் இருக்கிறது, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

அம்மா