லாட்ஜ் காபிக் கடை ஆன கதை

பாம்பன்

மாப்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கிரகப்பிரவேசம் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். நான் இன்னும் சிமெண்டுத் தூசியிலிருந்து வெளியே வரவில்லை.

மாமாவின் லாட்ஜ் ஞாபகமிருக்கிறதா? 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியதும் வரத்து குறைந்து, கடைசியில் பூட்டியே கிடந்தது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த கையோடு சாவியை என்னிடம் கொடுத்து, "ஏதாவது பண்ணுடா" என்றார். கீழ்த்தளத்தைக் காபிக் கடை ஆக்கிவிட்டேன்.

அறைகளையெல்லாம் இடித்து ஒரே ஹாலாக்குவதுதான் என் திட்டம். கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்தார். "இது ஒம்பது இஞ்சு. தூணே இல்லாத கட்டடம் தம்பி, மாடியை இந்தச் சுவருதான் தாங்குது. கையை வச்சீங்கன்னா மேல இருக்கிறது கீழ வந்துரும்." அதோடு திட்டம் முடிந்தது. நாலரை இஞ்சுத் தடுப்புகளை மட்டும் எடுத்தோம். மற்ற அறைகளை அப்படியே விட்டு, கதவை மட்டும் கழற்றினோம். இப்போது பார்த்தால் கொத்தனாருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஹாலாக்கியிருந்தால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல்தான். ராமேஸ்வரம் போய்த் திரும்பும் குடும்பங்கள் ஓர் அறையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளைக் கட்டை நாற்காலியில் படுக்கவைத்து, அரை நாள் உட்கார்ந்துவிடுகிறார்கள். வியாபாரத்துக்கு நல்லதா என்றால், இல்லை.

நாலாம் நம்பர் அறைதான் என்னைப் படுத்தியெடுத்தது. அதன் பாத்ரூமை மேடாக்கி, டைல்ஸ் ஒட்டி, இரண்டு மேசை போட்டிருந்தேன். மூலையில் தண்ணீர் போகிற ஜாலியை மட்டும் கழுவிவிட வசதியாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன். பத்தே நாளில் சாக்கடை நாற்றம். ஊதுபத்தி, பினாயில், எதுவும் எடுபடவில்லை. பிளம்பர் வந்து ஒரு வாளித் தண்ணீரை அந்த ஜாலியில் ஊற்றினார், அவ்வளவுதான். அடியில் இருக்கும் வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டுமாம். யாரும் குளிக்காததால் அது காய்ந்து, குழாயிலிருந்து நாற்றம் நேரே மேலே வந்திருக்கிறது. மறுநாளே அடைத்துவிட்டோம்.

இன்னொரு கூத்து, படம் பார்த்து மயங்கி இரும்பு நாற்காலி வாங்கியது. உப்புக்காற்றிலேயே வளர்ந்தவனுக்கு இது தேவையா? ஆறே மாதத்தில் ஒவ்வொரு கால் கீழும் தரையில் செம்பட்டை வளையம். இப்போது எல்லாம் வேப்பங்கட்டைதான்.

வரவேற்பு மேசை கல்லாவாகிவிட்டது. பின்னாலிருந்த சாவிப் பலகையை எடுக்க மனம் வரவில்லை. சாவிகளில் கோத்திருந்த, அறை நம்பர் போட்ட பித்தளை வில்லைகள் பச்சை பூத்துக் கிடந்தன. அம்மா புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். காபி சொன்னவர் கையில் ஒரு வில்லையைக் கொடுத்து, நம்பரைக் கூப்பிடுகிறோம். போன வாரம் ஒரு பெரியவர் ஏழாம் நம்பர் வில்லையை வாங்கிக்கொண்டு, "ரூம் மாடியிலயா தம்பி? வெந்நீர் வருமா?" என்றார்.

வராந்தாதான் பாக்கி. பெஞ்சைக் கடலைப் பார்த்துப் போட்டால் மத்தியான வெயில் முகத்திலடிக்கும். சுவரைப் பார்த்துப் போட்டால் பாலத்தில் ரயில் வருவது தெரியாது. நீ வீடு கட்டியவன், வந்து பார்த்துச் சொல். வரும்போது ஒரு நல்ல டபரா செட் வாங்கி வா, இங்கே கிடைப்பதெல்லாம் தகடு.

உன்,
பாலு